தசைநோவும் குத்தூசியும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்ணுக்குப் புலனாகும் புண்ணுக்கு மருந்திடுதல் எளிது. புண்ணுமின்றி, வீக்கமுமின்றி, இடுப்பிலும் கழுத்திலும் தோளிலும் முழங்காலிலும் தங்கி வருத்தும் நோவே வைத்தியரின் அறிவையும் நோயாளியின் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பது. மண்வெட்டி பிடிக்கும் உழவரும், மூடை சுமக்கும் தொழிலாளரும், மேசையிற் குனிந்து விடைத்தாள் திருத்தும் ஆசிரியரும் இந்நோவை நன்கறிவர். இதனைத் தணித்தற்கு எண்ணெய் பூசி உருவுதல், ஒத்தடங் கொடுத்தல், பற்றிடுதல் எனப் பல வழிகளை மக்கள் கண்டனர். அவற்றுள் மிக்க வியப்புக்குரியது, மருந்து எதனையும் உட்செலுத்தாத வெறும் ஊசியை நோவுள்ள உடம்பிற் குத்துதலாகும்.

இவ்வழக்கம் சீனத்தில் தோன்றி, யப்பானிலே நுணுக்கமுற்று, ஒல்லாந்தரின் கப்பல்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்து, அங்கு ஒருமுறை ஓங்கிப் பின் ஒடுங்கி, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் உலகெங்கும் பரவியது. இந்நெடும் பயணத்தில் ஊசி பெரிதும் மாறவில்லை. ஊசி ஏன் நோவைத் தணிக்கின்றது என்பதற்குக் கூறப்பட்ட விளக்கமே தேசந்தோறுங் காலந்தோறும் மாறிவந்தது. அனுபவத்தையும் விளக்கத்தையும் வேறுபிரித்து நோக்குவார்க்கே இவ்வைத்தியத்தின் வரலாறு தெளிவுறும்.

குத்தூசி வைத்தியம் நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்று கூறுவார் பலர். கற்காலத்துக் கூரிய கற்களே முதல் ஊசிகள் என்பதும் வழிவழி வந்த கூற்றாகும். அகழ்வாய்வு தரும் சான்றோ இதனினும் அடக்கமானது. 1973ஆம் ஆண்டில், ஹூனான் மாகாணத்து மாவாங்டுய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பெற்ற கல்லறை ஒன்றிலிருந்து பட்டுத்துணியில் எழுதப்பெற்ற வைத்திய ஏடுகள் எடுக்கப்பட்டன. உடம்பினூடே ஓடும் நெறிகளைப் பற்றியும், அவற்றின்மேற் சூடிடுதல் பற்றியும் அவை கூறுகின்றன. ஊசி குத்தும் சிகிச்சை பற்றிய குறிப்பு அவற்றில் இல்லை. ஹெபெய் மாகாணத்து மான்செங்கில், கி.மு. 113இல் இறந்த லியூ ஷெங் என்னும் இளவரசனின் கல்லறை 1968இல் திறக்கப்பட்டபோது பொன்னூசிகள் நான்கும் வெள்ளியூசிகள் ஐந்தும் கிடைத்தன. ஆகவே, கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளிலே இவ்வைத்தியம் உருப்பெற்றது எனக் கொள்ளுதல் தகும். இரண்டாயிரம் ஆண்டு என்பதும் சிறிய காலமன்று.

இவ்வைத்தியத்தின் மூலநூல் ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ எனப்படுவது. மஞ்சட் பேரரசர் என்னும் பழங்கதைத் தலைவரின் பெயரால் வழங்கும் இந்நூல், கி.மு. முதலாம் நூற்றாண்டளவிற் பலருடைய எழுத்துக்களைத் தொகுத்தமைத்ததாகும். ‘சூவென்’, ‘லிங்ஷூ’ என இருபகுதிகளாக வழங்கும் இந்நூலின் பிற்பகுதி பெரும்பாலும் ஊசி பற்றியது. குத்துவதற்கும், கீறுவதற்கும், அழுத்துவதற்கும் பயன்படும் ஒன்பது வகை ஊசிகளை அது வருணிக்கின்றது. உடம்பினுள்ளே பன்னிரு பெருநெறிகளில் ஓர் உயிர்ப்பாற்றல் ஓடுகின்றது என்றும், அவ்வோட்டம் தடைப்படும்போது நோவு தோன்றும் என்றும், உரிய புள்ளியிற் குத்திய ஊசி அத்தடையை நீக்கும் என்றும் அந்நூலார் கருதினர். ஆற்று நீரைக் கால்வாய் வழியே செலுத்தி வயல் விளைத்த மக்கள் உடம்பையும் நீரோட்டமுள்ள நிலமாகக் கண்டமை இயல்பே.

மூட்டுநோவு பற்றி அந்நூல் தனியே ஆராய்கின்றது. காற்று, குளிர், ஈரம் என்னும் மூன்றும் உடம்பினுட் புகுந்து கலத்தலால் மூட்டிலும் தசையிலும் நோவு உண்டாகின்றது என்பது அதன் கொள்கை. காற்று மிகுந்தால் நோவு இடம் மாறித் திரியும். குளிர் மிகுந்தாற் கடுமையாய் வருத்தும். ஈரம் மிகுந்தால் ஓரிடத்தே நிலைத்துக் கனக்கும். மூட்டுநோயை ‘வாதம்’ என வழங்கும் தமிழர்க்கு, வாதம் என்னும் சொல்லுங் காற்றையே குறித்தலால், இக்கொள்கை முற்றும் புதியதாகத் தோன்றாது. எனினும் இவ்வொற்றுமை ஒன்றையே கொண்டு ஒரு வைத்தியம் மற்றொன்றிலிருந்து பிறந்தது என நிறுவுதல் இயலாது. இடம் மாறித் திரியும் நோவைக் காற்றொடு ஒப்பிடுதல் இருவேறு மக்கட்குத் தனித்தனியே தோன்றியிருக்கக் கூடியதொரு கருத்தாகும்.

பன்னிரு நெறிகளும் அவற்றின்மேல் அமைந்த நூற்றுக்கணக்கான புள்ளிகளும் கொண்ட இவ்வமைப்புக்குள்ளே, மிக எளிய விதியொன்றும் மறைந்து கிடக்கின்றது. தசைகளின் நோயைப் பற்றிக் கூறும் ‘லிங்ஷூ’வின் பதின்மூன்றாம் அத்தியாயம், நோவுள்ள இடத்தையே ஊசி குத்தும் புள்ளியாகக் கொள்க என விதிக்கின்றது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில், தாங் வமிசத்து ஆட்சியில் வாழ்ந்த சுன் சிமியாவோ என்னும் பெருவைத்தியர் இதனை மேலும் தெளிவாக்கினார். 652ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய நூலில் ‘ஆஷி’ என்னும் புள்ளிகளைக் குறிப்பிடுகின்றார். வைத்தியர் தம் விரலால் உடம்பை அழுத்திச் செல்லும்போது, நோயாளி ‘ஆ, அதுவே’ என்று வாய்விட்டுக் கூறும் இடமே ஆஷிப் புள்ளி. அதற்கு நூலிற் குறித்த இடமில்லை. நோயாளியின் சொல்லே அதற்குச் சான்று. பதின்மூன்று நூற்றாண்டுகளின் பின் அமெரிக்க வைத்தியர் கண்ட உண்மையொன்றை ஈண்டு முன்கூட்டியே காணலாம்.

சுன் சிமியாவோவுக்கு முன்னரே, மூன்றாம் நூற்றாண்டில், ஹுவாங்ஃபு மீ என்னும் அறிஞர் தாமே வாதநோயால் வருந்தியவராய் இக்கலையைக் கற்றுத் தனிநூல் ஒன்றைத் தொகுத்தார். சொங் வமிச காலத்தில், 1027ஆம் ஆண்டில், வாங் வேய்யீ என்பவரின் மேற்பார்வையில் ஆளுயர வெண்கலப் பாவைகள் இரண்டு வார்க்கப்பட்டன. அவற்றின் மேனியிற் புள்ளிகள் யாவும் துளைகளாக அமைந்திருந்தன. பாவைக்கு மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணவரை ஊசி குத்தச் செய்து பரீட்சித்தனர் என்பர். சரியான இடத்திற் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி ஏறாது. கல்வியில் இத்துணைக் கண்டிப்புக் காட்டிய அரசே பின்னொருநாள் இக்கலையைக் கைவிட்டது. 1822இல் தாவோகுவாங் பேரரசர், அரண்மனை வைத்திய நிலையத்திற் குத்தூசிப் பிரிவை நிரந்தரமாக மூடுமாறு ஆணையிட்டார். அரசனின் திருமேனியில் ஊசியேற்றுதல் தகாது என்பதே காட்டப்பட்ட காரணம். அரண்மனை கைவிட்ட கலை, கிராமத்து வைத்தியர் கையில் எஞ்சி வாழ்ந்தது.

சீனத்திலிருந்து ஆறாம் நூற்றாண்டளவில் யப்பானுக்குச் சென்ற இவ்வைத்தியம் அங்கே மென்மையுற்றது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்பவர் இளமையிலே கண்பார்வை இழந்தவர். மெல்லிய ஊசியை வளையாமற் குத்துதற்கு அவர் ஒரு சிறு குழாயைப் பயன்படுத்தினார். குழாயைத் தோலின்மேல் நிறுத்தி, அதனுள் ஊசியை இட்டு, சற்றே நீண்டு நிற்கும் அதன் தலையை விரலால் தட்டினால் ஊசி நோவின்றித் தோலினுட் புகும். இம்முறையைப் பார்வையற்றோர் பலருக்குப் பயிற்றி, அவர்கட்கு மதிப்புடைய தொழிலொன்றை அவர் உருவாக்கினார். விரலால் தொட்டு அறியுந்திறன் கண்ணைவிட நுண்ணியதாகும் இடத்தில் அவர்கள் குறைபாடே நிறைவாயிற்று. இன்று உலகெங்கும் வைத்தியர் கையாளும் ஊசிகள் பலவும் இத்தகைய குழாயோடு கூடியனவே.

ஐரோப்பியர் ஊசி வைத்தியத்தை அறிந்த வரலாறு ஈழத்து வாசகர்க்குச் சற்றே நெருக்கமானது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியே, யாவாவிற் பத்தாவியாவையும், யப்பானில் நாகசாக்கித் துறைமுகத்திலுள்ள தெசிமா என்னும் சிறு தீவையும் தன் வாணிக நிலைகளாகக் கொண்டிருந்தது. அக்காலத்து யப்பானில் வாணிகஞ் செய்ய இடம்பெற்ற ஐரோப்பியர் ஒல்லாந்தர் மட்டுமே. பத்தாவியாவில் ஹேமன் புஷோஃப் என்னும் மதகுரு பாதமூட்டு வாதத்தால் நெடுநாள் வருந்தினார். அவ்வூரிற் கீழைத்தேயப் பெண் வைத்தியர் ஒருவர், மாசிபத்திரி இனத்துச் செடியின் பஞ்சை நோவுள்ள இடத்தில் வைத்து எரித்து அவரது நோவைத் தணித்தார். குணமடைந்த புஷோஃப் அதுபற்றி எழுதிய சிறுநூல் 1675ஆம் ஆண்டளவில் ஒல்லாந்திலும், அடுத்த ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சீனர் ஊசியோடு இணைத்துக் கையாளும் அச்சூட்டு முறை ‘மொக்சா’ என்னும் பெயரோடு ஐரோப்பாவுக்கு அறிமுகமாயிற்று.

அதே கொம்பனியின் வைத்தியராய் 1674 முதல் 1676 வரை தெசிமாவிற் பணியாற்றிய வில்லெம் டென் ரைன், சீன நெறிப்படங்கள் சிலவற்றைச் சேர்த்துச் சென்றார். அவர் இலத்தீனில் இயற்றிய நூல் 1683இல் இலண்டனில் வெளியாயிற்று. அந்நூலின் தலைப்பு மூட்டுவாதம் என்பதில் தொடங்கி, ‘அக்குபங்க்துரா’ என்பதையும் உட்கொள்ளும். ஊசி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லையும் குத்துதல் என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்ட அப்பெயரே இன்று உலகம் வழங்கும் அக்குபங்சர் என்பதாகும். மேனாட்டிற் குத்தூசி வைத்தியம் பெயர்பெற்ற முதற்பொழுதே அது மூட்டுநோவோடு பிணைந்திருந்தது என்பது கருதத்தக்கது. ஆயினும் நெறிப்படங்களின் பொருள் டென் ரைனுக்கு முற்றும் விளங்கவில்லை. ஐரோப்பிய உடற்கூற்றறிவைக் கற்ற அவர், சீனரின் நெறிகளை இரத்தக் குழாய்களாகவே கருதினார். ஊசி கடல் கடந்தது. விளக்கம் கடல் கடக்கவில்லை.

இதன் விளைவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவாகின்றது. பிரான்சில், இசைமேதை எக்தோர் பெர்லியோசின் தந்தையாராகிய லூயி பெர்லியோசு என்னும் வைத்தியர், 1810 முதல் ஊசியைக் கையாண்டு, 1816இல் தம் அனுபவத்தை நூலாக்கினார். 1825இல் சார்லாந்தியேர் என்பவர் ஊசியினூடே மின்சாரம் பாய்ச்சி வாதநோவைத் தணிக்க முயன்றார். இலண்டனில் ஜேம்சு மோர்சு சேர்ச்சில் என்னும் சத்திரவைத்தியர் 1821இல் இதுபற்றி ஆங்கிலத்தில் தனிநூல் எழுதினார். சென் தோமசு வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் எலியட்சன், நாட்பட்ட வாதநோயாளர் 42 பேர்க்கு ஊசியிட்டு அவருள் 30 பேர் குணமுற்றதாக 1827இல் அறிவித்தார். அத்திலாந்திக் கடலுக்கு அப்பால், பிராங்கிளின் பாச்சே 1826இற் பிலடெல்பியாச் சிறைக்கூடத்துக் கைதிகள் உள்ளிட்டோர்க்குச் செய்த சிகிச்சையின் பயனை வெளியிட்டார். இவர்கள் எவரும் உயிர்ப்பாற்றலையும் பன்னிரு நெறிகளையும் நம்பினாரல்லர். நோவுள்ள இடத்தைக் கண்டு அங்கே குத்தினர், அவ்வளவே. சிலர் மின்னோட்டத்தையும் சிலர் நரம்பையுங் காரணமாகக் கூறினர். சுன் சிமியாவோவின் நூலைப் படியாமலே அவருடைய ஆஷி விதியை அவர்கள் பின்பற்றினர்.

அந்நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டு வைத்தியத்தின் ஆசான் எனப் போற்றப்பட்ட வில்லியம் ஒஸ்லர், 1892இல் வெளியிட்ட தம் பெரும் பாடநூலில், திடீரெனத் தோன்றும் இடுப்புப் பிடிப்புக்கு ஊசி குத்துதலே மிக்க பயனுடையது என எழுதினார். மூன்று நான்கு அங்குல நீளமான ஊசிகளை நோவுள்ள தசையில் ஏற்றி, ஐந்து முதற் பத்து நிமிடம் வரை வைத்து எடுத்தல் வேண்டும். தனி ஊசி இல்லாவிடின், பெண்கள் தொப்பியிற் செருகும் ஊசியே போதும். அவரே இம்முறையில் தோல்வியுற்ற கதையொன்றும் வழங்குகின்றது. மொன்றியலிற் பீட்டர் ரெட்பாத் என்னும் செல்வர்க்கு ஒஸ்லர் ஊசியிட, ஒவ்வொரு குத்துக்கும் ஒவ்வொரு வசைமொழி உதிர்த்த அம்முதியவர், நோவு சிறிதுந் தணியாமலே நொண்டிச் சென்றாராம். குணமாக்கினால் பல்கலைக்கழகத்துக்குப் பெருநிதி கிடைக்கும் என்னும் எண்ணமும் அவரோடு நொண்டிச் சென்றது. வென்ற கதையையே கூறுவார் பலராயிருக்க, தோற்ற கதையும் நின்று நிலவுதல் வரலாற்றுக்கு நன்மையே.

ஒஸ்லருக்குப் பின் மேனாட்டில் ஊசி மறக்கப்பட்டது. சீனத்திலோ அதற்கு நெருக்கடி வந்தது. 1929இல், பழைய வைத்தியத்தைத் தடைசெய்யும் யோசனையொன்று அரசின் சுகாதாரக் குழுவில் நிறைவேற, நாடெங்கும் வைத்தியர் திரண்டு எதிர்த்து அதனைச் செயற்படாமற் செய்தனர். செங் தான்அன் என்பவர், எதிர்ப்பதோடு அமையாது, தம் கலையையே திருத்தினார். பருத்த ஊசிகளுக்கு மாறாக மெல்லிய ஊசிகளைக் கையாண்டார். புள்ளிகளை மேனாட்டு உடற்கூற்றின்படி நரம்புகளோடு பொருத்தி, இரத்தக் குழாய்களிலிருந்து விலக்கினார். இன்று பழஞ்சீன முறை எனக் கருதப்படும் மென்னூசிச் சிகிச்சையின் பெரும்பகுதி இவ்விருபதாம் நூற்றாண்டுத் திருத்தத்தின் பயனாகும். 1949இல் அமைந்த மக்கள் குடியரசு, போதிய வைத்தியர் இன்மையாற் பழைய கலையையும் அரவணைத்தது. மாவோவின் ஆட்சியில் ஊசி நாட்டுப்பெருமையின் சின்னமும் ஆயிற்று.

மேனாட்டிலே ஊசி மறுபடி தோன்றியது முற்றும் வேறொரு வாயிலாக. 1938இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையைச் சேர்ந்த கெல்கிரென் என்பவர், செறிந்த உப்புநீரைத் தசையில் ஊசிவழி ஏற்றினால், அவ்விடத்தில் மட்டுமன்றித் தொலைவான இடங்களிலும் நோவு தோன்றுதலை ஆய்வின்மூலம் காட்டினார். தோளின் தசை நொந்தாற் தலையிலும் கையிலும் நோவு தோன்றலாம். நோகும் இடமும் நோயுள்ள இடமும் ஒன்றாயிருத்தல் கட்டாயமன்று. அமெரிக்காவில் ஜெனட் டிரவெல் அம்மையார் இவ்வழியைத் தொடர்ந்தார். நோயுற்ற தசையினுள்ளே முறுக்கிய கயிறுபோல் இறுகிய இழையொன்று கைக்குத் தட்டுப்படும். அதில் ஒரு புள்ளியை அழுத்தினால் நோயாளி துள்ளுவார். நோவு வேறிடத்துக்கும் பாயும். இதனை அம்மையார் தூண்டுபுள்ளி என்றார். 1952இற் பல்வேறு தசைகளின் தூண்டுபுள்ளிகளையும் அவை நோவைப் பாய்ச்சும் இடங்களையும் அவர் படமாக வரைந்து வெளியிட்டார். டேவிட் சைமன்சு என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1983இல் வெளிவந்தது.

டிரவெல் அம்மையார் கையாண்டது மருந்தூசி. உணர்ச்சியை மரக்கச் செய்யும் புரோக்கேன் என்னும் மருந்தைத் தூண்டுபுள்ளியில் ஏற்றுவார். முதுகுநோவால் வருந்திய ஜோன் கென்னடி, செனற்றராய் இருந்தபோது 1955இல் அவரிடம் சிகிச்சை பெற்றார். 1961இல் தாம் அதிபரானபோது அவரையே தம் வைத்தியராக நியமித்தார். அப்பதவியை வகித்த முதற்பெண்மணி அவரே. ஆனால் அடிக்கடி ஏற்றிய மருந்தூசி அதிபரின் தசைகளை வலுப்படுத்தவில்லை எனக் கண்ட வெள்ளைமாளிகையின் ஏனைய வைத்தியர், அவ்வாண்டின் பிற்பகுதியில் ஹான்சு கிரவுசு என்பவரை அழைத்துத் தேகப்பயிற்சி தொடங்குவித்தனர். ஊசி நோவைத் தணிக்கலாம். தளர்ந்த தசைக்கு வலுத் தருவது பயிற்சியே என்னும் பாடம் இதன்கண் உள்ளது.

இதனிடையே ஓர் ஐயம் எழுந்தது. மருந்தேற்றினும், உப்புநீரேற்றினும், ஒன்றும் ஏற்றாது ஊசியை மட்டுங் குத்தினும் நோவு தணிகின்றதே; எனின் தணித்தது மருந்தா, ஊசியா? 1940களிலேயே சில வைத்தியர் கண்ட இவ்விந்தையைச் செக்கோசுலோவாக்கிய வைத்தியர் காரெல் லெவிட் 1979இல் முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். 241 நோயாளரின் 312 நோவிடங்களில் மருந்தில்லா ஊசியைக் குத்தியபோது, அவற்றுள் நூற்றுக்கு 86.8 வீதமானவற்றில் நோவு உடனே நீங்கியது. மிகக் கூடிய நோவுள்ள புள்ளியைச் சரியாகத் தொடுதலே பயனுக்குக் காரணம் என்று அவர் கருதினார். எனினும் ஒப்புநோக்குதற்கு ஊசி பெறாத வேறொரு தொகுதியினரை அவர் வைத்திலர். மருந்தின் ஈரம் இல்லாமையால் இம்முறைக்கு உலரூசி முறை என்னும் பெயர் நிலைத்தது.

இவ்வாறு மேனாட்டார் தம் வழியே ஊசிக்கு மீண்டுகொண்டிருந்த வேளையிலே சீன ஊசியும் அவர்கள் வாயிலை அடைந்தது. 1971 ஜூலையில் நியூயோர்க் ரைம்சுப் பத்திரிகையாளர் ஜேம்சு ரெஸ்டன் பெய்சிங்கில் இருந்தபோது அவரது குடல்வால் அறுத்தகற்றப்பட்டது. அறுவைக்கு வழக்கமான மயக்கமருந்தே பயன்பட்டது. பின்னர் வயிற்றில் தோன்றிய உப்பிசத்துக்கே முழங்கையிலும் முழங்காலின் கீழும் ஊசியிட்டனர். அவர் எழுதிய கட்டுரையும், அடுத்த ஆண்டு அதிபர் நிக்சன் சீனம் சென்றமையும் மேனாட்டிற் பேராவலை மூட்டின. ஊசியாலேயே மயக்கி அவருக்கு அறுவை செய்தனர் என்னும் தவறான கதையும் உடன் பரவியது.

ஆவலோடு ஆராய்ச்சியும் வளர்ந்தது. தொடுவுணர்ச்சி முதலியவற்றைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் முள்ளந்தண்டிலே நோவுச் செய்தி புகும் வாயிலை அடைக்கக்கூடும் என்னும் கொள்கையை மெல்சாக்கும் வோலும் 1965இலேயே வெளியிட்டிருந்தனர். மூளை தானே சுரக்கும் நோவடக்கிகள் 1970களிற் கண்டறியப்பட்டன. கனடாவிற் பொமரான்சு என்பவர், அபின் வகையின் செயலைத் தடுக்கும் நலொக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தால் மின்னூசியின் பயனும் தடைப்படுகின்றது என 1976இல் எலிகளிற் காட்டினார். ஊசியைக் குத்தும்போது உடம்பு தன் நோவடக்கியைத் தானே சுரக்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. 1977இல் மெல்சாக்கும் பிறரும் சீனரின் புள்ளிகளையும் தூண்டுபுள்ளிகளையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு 71 வீதம் பொருந்துகின்றன என்றனர். அக்கணிப்புப் பின்னர் மறுக்கப்பட்டது. எனினும் அழுத்தினால் நோயாளி அலறும் புள்ளியைத் தேடுவதில், ஆஷிப் புள்ளியும் தூண்டுபுள்ளியும் ஒன்றே என்பதை மறுத்தல் அரிது.

ஊசி நோவைத் தணிக்கின்றது என நம்பியோர்க்கும் இல்லை என்றோர்க்கும் ஒருங்கே அதிர்ச்சி தந்த முடிவு ஜேர்மனியிலிருந்து வந்தது. நாட்பட்ட இடுப்புநோவுடைய 1,162 பேரை மூன்று தொகுதியாக்கினர். ஒரு தொகுதிக்குச் சீன முறைப்படி ஊசி. மற்றதற்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலியூசி. மூன்றாவதற்கு மருந்து, பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தின்பின் பயன்பெற்றோர் முறையே நூற்றுக்கு 47.6, 44.2, 27.4 வீதமாயினர். 2007இல் வெளியான இம்முடிவின்படி, ஊசி பெற்றோர் வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் மிக நலமடைந்தனர். ஆனால் எவ்விடத்திற் குத்தினும் பயன் ஏறக்குறைய ஒன்றே. இடுப்புநோவுக்கும் முழங்கால் தேய்வுக்கும் ஊசியின் செலவை 2007 முதற் காப்புறுதி ஏற்கும் என ஜேர்மனி விதித்தது. 39 ஆய்வுகளில் இடம்பெற்ற 20,827 நோயாளரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மெய்யூசி போலியூசியினும் சிறிதளவு மேலானது என்றது. போலியூசியின் பயன் எதிர்பார்ப்பால் வருவதா, வைத்தியரின் பரிவால் வருவதா, மேலோட்டமான குத்தும் நரம்பைத் தூண்டுவதால் வருவதா என்பதிலே அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர்.

அவ்வேறுபாடு அரச வழிகாட்டிகளிலுந் தெரிகின்றது. இங்கிலாந்தின் தேசிய வைத்திய வழிகாட்டு நிறுவனம் இடுப்புநோவுக்கு ஊசியை 2009இற் பரிந்துரைத்து, 2016இற் கைவிட்டது. காரணம் புலப்படாத நாட்பட்ட நோவுக்கு ஊசியையும் உலரூசியையும் கருதலாம் என 2021இல் உரைத்தது. மூட்டுத் தேய்வுக்கு இரண்டும் வேண்டா என 2022இல் விதித்தது. அமெரிக்காவிலோ ஊசி யாருக்குரியது என்பதே வழக்காயிற்று. உலரூசி குத்தும் இயன்முறை வைத்தியர் தம் கலையைத் திருடினர் எனக் குத்தூசி வைத்தியர் கூற, அஃது இயன்முறை வைத்தியத்தின் எல்லைக்குள் அடங்கும் என வட கரோலினாவின் உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஊசி ஒன்றாயிருப்ப, விளக்கம் இரண்டாயிருந்தமையே அவ்வழக்கின் வேர்.

ஊசி தீங்கற்றது என எண்ணுதலுந் தவறு. தோளிலும் விலாவிலும் ஆழக் குத்தினால் ஊசி நுரையீரலைத் துளைக்கலாம். ஆழத்தின் ஆபத்தை ‘நெய்ஜிங்’ நூலாரும் அறிந்து எச்சரித்துள்ளனர். சுத்திகரியாத ஊசியை ஒருவரிலிருந்து மற்றவர்க்குப் பயன்படுத்தியதால் ஈரலழற்சி பரவிய நிகழ்ச்சிகளும் உண்டு. ஒருமுறையே பயன்படும் கிருமிநீக்கிய ஊசி வழக்கத்துக்கு வந்தது அதன் பின்னரே. அன்றியும், ஓய்விலும் நீங்காத நோவு, மெலிவு, காய்ச்சல், கால் மரத்தல் என்பன வேறு நோயின் அறிகுறிகளாகலாம். அவற்றை ஆராயாது நோவை மட்டுந் தணித்தல், தீயை அணையாது புகையை விசிறுதல் போலாகும்.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது யாது? பழைமையுடையது என்பதனால் ஒரு கொள்கை மெய்யாகிவிடாது. இரண்டாயிரம் ஆண்டு நம்பப்பட்ட பன்னிரு நெறிகளை உடற்கூற்றறிஞர் எவரும் கண்டிலர். விளக்கம் பிழைபட்டது என்பதனால் அனுபவமும் பொய்யாகிவிடாது. நெறிகளை நம்பாத பெர்லியோசும் ஒஸ்லரும் லெவிட்டும் நோவு தணிதலைக் கண்டனர். அனுபவத்தை எண்ணிக் கணக்கிட்டு, போலியோடு ஒப்பிட்டு, தோல்வியையும் ஏட்டில் எழுதிவைக்கும் முறையே இவ்விரண்டு பிழைகளிலிருந்தும் அறிவைக் காப்பது. டிரவெல் அம்மையாரின் தூண்டுபுள்ளியும் இச்சோதனைக்கு விலக்கன்று. ஒரே நோயாளியைப் பரிசோதித்த இருவர் ஒரே புள்ளியைச் சுட்டத் தவறுதல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. இன்றைய விளக்கமும் நாளை திருத்தப்படலாம்.

மாறாதது ஒன்றுண்டு. சுன் சிமியாவோவின் விரலும், சுகியாமாவின் பார்வையற்ற மாணவரின் விரலும், இன்றைய இயன்முறை வைத்தியரின் விரலும் நோவுற்ற தசையை மெல்ல அழுத்தி ஒரே வினாவைக் கேட்கின்றன: ‘இங்கேயா நோகின்றது?’ ஊசி அவ்வினாவின் பின்னரே வருகின்றது.